இரண்டு கட்சிக்கும் ஒரே சாமிதுரை

“தலைப்பை மட்டும் சொல்லுங்க. எந்தக் கட்சிங்கிறதை நீங்களே பாத்துக் குடுங்க. ‘இந்தக் கட்சிக்கு என்னால பேச முடியாது’ன்னு சாமிதுரை கைவிரிச்ச கட்சி இந்த உலகத்துல இன்னும் பொறக்கல. இனிமேலும் பொறக்காது!”

மேலச்சாத்தங்குடி பொங்கல் விழா மேடையில் சாமிதுரை இப்படி முழங்கியபோது மைக் செட்டே ஒரு கணம் மிரண்டு ‘குய்ய்’ என்று கத்திவிட்டு அடங்கியது. ஊர் கைதட்டியது. வெட்டாற்றுக்கு அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்கள் என்று பின்னாளில் சாமிதுரையே சொல்லிக் கேள்வி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். பட்டிமன்றத்தில் ஒரு தலைப்பின் இரண்டு பக்கங்களுக்கும் கட்சி என்றுதான் பெயர். ஓட்டுக் கேட்டு வருகிற கட்சி வேறு. அந்த வகையில் சாமிதுரை ஒரே கட்சிதான். வேட்டிக் கரையிலிருந்து வீட்டுக் கதவு வரைக்கும் கருப்பு சிவப்பு. இந்த வகையில்தான் அவருக்கு நிலையான கட்சி கிடையாது. ‘குடும்பச் சுமையைத் தாங்குவது ஆணா, பெண்ணா’ என்று கொடுத்தால் ஆணுக்கும் பேசுவார், பெண்ணுக்கும் பேசுவார், நேரம் இருந்தால் சுமைக்கும் பேசுவார்.

மூன்றாம் வகுப்போடு பண்ணைக்கு மாடு மேய்க்கப் போனவருக்கு இவ்வளவு தமிழ் எங்கிருந்து வந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது. தெருமுனையில் கழகத்தார் போட்டிருந்த படிப்பகத்திலிருந்து வந்தது. கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, கட்சிப் பத்திரிகை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். சாமிதுரை கேட்கிறவராகச் சேர்ந்து, எழுத்துக் கூட்டுகிறவராக உயர்ந்து, கடைசியில் பத்திரிகையில் இல்லாததையும் சேர்த்துப் படிக்கிறவராக முதிர்ந்தார். அவர் படிக்கிற நாளில்தான் கூட்டம் சேரும்.

பகலில் ஏர். ஏருக்குப் பின்னால் நடந்தபடியே ஒத்திகை. “எனது வலப்புறத்திலே வீற்றிருக்கும் மயிலை அவர்களே! இடப்புறத்திலே இழுக்க மறுத்து நின்றுகொண்டிருக்கும் செவலை அவர்களே!” மாடுகள் நின்று கேட்கும். மனிதர்களைவிடப் பண்பான சபை அது. இடையில் எழுந்து போகாது. அதனாலேயே சாமிதுரை உழுகிற வயல் மட்டும் மற்ற வயல்களுக்குப் பிந்தித்தான் முடியும்.

வீட்டில் இருந்த சபைக்கு அவ்வளவு பண்பு போதாது. தங்கம்மாள் நடவுக்குப் போகிறவள். சேற்றில் குனிந்து நாள் முழுக்க நாற்று ஊன்றிவிட்டு வருகிறவளுக்குப் பேச்சில் சிக்கனம் உண்டு.

“அன்பிற்கினிய துணைவியார் அவர்களே! குழம்பு என்ற பெயரிலே இங்கே என் இலையிலே கொட்டப்பட்டிருக்கின்ற...”

“புடிக்கலைன்னா வச்சிட்டு எந்திரிங்க. பூனை கூட்டம் போடாம குடிச்சிட்டுப் போயிடும்.”

இரண்டு பக்கத்து நியாயமும் தெரிகிற மனிதருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. எதையும் முடிவு செய்ய வராது. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்து, பண்ணை இடத்தில் இருந்த அவர்களுடைய குடிசையின் அடிமனை அவர் பெயருக்குப் பட்டா ஆனது. சாமிதுரை வாசலில் நின்று காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். மறுபடியும் மிதித்தார். தரை ஒன்றும் சொல்லவில்லை. பரம்பரையில் முதல்முறையாக, மிதித்தால் ஏனென்று கேட்க ஆளில்லாத தரை. அதை நம்பி முடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது.

நம்பி முடித்ததும் புதுத் தலைப்பு கிடைத்துவிட்டது. கூரைக்கு ஓடா, கீற்றா? கீற்று குளிர்ச்சி, ஓடு உறுதி. கீற்று மலிவு, ஓடு மரியாதை. சாமிதுரை இரண்டு ஐப்பசி அடைமழைக்கும் பேசினார். வீட்டில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் ஒழுகுகிற இடங்களில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டன. மூன்றாவது மழைக்கு முன்னால், அவர் மன்னார்குடிக் கூட்டத்துக்குப் போயிருந்த நாளில், தங்கம்மாள் ஆள் வைத்து ஓடு போட்டு முடித்துவிட்டாள். திரும்பி வந்த சாமிதுரை தம் வீட்டை அடையாளம் தெரியாமல் இரண்டு வீடு தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

“கீத்துக்கும் ஒரு நியாயம் இருக்கு தங்கம்மா...”

“இருக்கட்டும். வெளியில இருக்கட்டும். நீங்க உள்ள வாங்க.”

ஆனால் அவருடைய வாய் வெறும் வேடிக்கை இல்லை என்று ஊர் கண்டுகொண்டது அதற்கும் முன்னால், கழகம் ஆட்சிக்கு வந்த புதிதில். கூலித் தகராறு கொழுந்துவிட்டு எரிந்த வருஷங்கள். அறுப்புக் கூலியைக் கூட்டு என்று செங்கொடிச் சங்கம் ஒரு பக்கம், முடியாது என்று மிராசுதார்கள் ஒரு பக்கம். வெளியூர் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்குவதும், இறங்கவிடாமல் மறிப்பதும், வரப்போரம் போலீஸ் வேன் நிற்பதும், முற்றிய நெல் வயலிலேயே உதிர்வதுமாக இருந்தது. வரப்புத் தகராறில் விழுந்த வெட்டுக்கு எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. கடைசியில் தாசில்தார் முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்று கூட்டினார். தொழிலாளி ஒரு தரப்பு, பண்ணை ஒரு தரப்பு, நடுவில் சர்க்கார்.

சங்கத் தலைவர் வீரையன் செங்கொடிக்காரர். சாமிதுரைக்கு விரோதக் கட்சி, கூடவே பால்ய சிநேகிதர். கொடி வேறாக இருந்தாலும் வாய் வேண்டும் என்று சாமிதுரையைக் கையோடு கூட்டிப் போனார். சாமிதுரை பேசினார். முழங்கால் சேறு, முதுகு வெயில், பிள்ளைக்குப் பால் கொடுக்க வரப்புக்கு ஓடுகிற தாய்மார் என்று அவர் அடுக்க அடுக்க, தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஷயம் முடிந்தது என்றுதான் வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

கெட்ட காலம், பண்ணையின் ஏஜெண்டுக்கு அன்றைக்கென்று தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது.

“ஒரு தரப்பை மட்டும் கேட்டு நான் எழுத முடியாதேப்பா,” என்றார் தாசில்தார். “பண்ணைக்குப் பேச யாராவது இருக்காங்களா?”

ஒரு கட்சி ஆளில்லாமல் அநாதையாக நிற்பதைச் சாமிதுரையால் பார்க்க முடியவில்லை. வீரையன் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

“ஐயா அனுமதி குடுத்தா அதையும் நானே பேசிடறேங்க.”

பேசினார். உர விலை, விதை நெல், ஆடியில் வர வேண்டிய தண்ணீர் ஆவணியில் வந்த கொடுமை, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மிராசுதார் வீட்டுப் பெண்கள். தாசில்தார் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். பண்ணைக்கு இவ்வளவு துயரம் இருப்பது அதுவரைக்கும் ஏஜெண்டுக்கே தெரியாது. சத்தம் வராமல் அழுதார். சங்கம் கேட்டதிலிருந்து அரைப் படி குறைத்துக் கூலி முடிவானது.

திரும்பி வரும் வழியெல்லாம் வீரையன் தலையில் அடித்துக்கொண்டார். “அது வாயாய்யா? வாய்க்கால்யா! வெட்டிவிட்ட பக்கமெல்லாம் ஓடுதே! கடைசியா எந்தக் கட்சிக்குப் பேசுறியோ அதுவில்ல ஜெயிச்சுத் தொலையுது!”

அந்த அறுப்பு முடிகிற வரைக்கும் தெருவில் யாரும் சாமிதுரையோடு பேசவில்லை. தங்கம்மாளும் பேசவில்லை. ஆனால் அவள் பேசாதது தண்டனையா வழக்கமா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

இவர்களுக்கு ஒரே பெண், அம்சவல்லி. தாயின் சிக்கனமும் தகப்பனின் தலையும் வாய்த்தவள். அந்தத் தெருவில் முதல் பட்டதாரி. கணக்குப் படித்து, பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். அரசாங்கம் அவளைக் கூப்பிடுவதாக இல்லை. ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினார், பதிவு அட்டையின் நிறம்கூட மாறியது. அவள் மட்டும் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களும் ‘வேலை ஆகட்டும், பார்ப்போம்’ என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் முகம்மது யூசுப் ஒரு சேதி கொண்டுவந்தார். நாகூரில் பெட்டிக்கும் பாய்க்கும் கடை வைத்திருக்கிறவர். தேர்தல் வந்தால் சாமிதுரையின் கூட்டத்துக்குக் கடையை அடைத்துவிட்டு வருகிற ரசிகர். அவருடைய தம்பி மாலத்தீவில் வியாபாரம் செய்கிறார். அங்கே ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வேண்டுமாம். தங்க இடம் உண்டு. பக்கத்திலேயே ஒரு திருச்சிக்கார வாத்தியார் குடும்பம் இருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சரி என்றோ இல்லை என்றோ தகவல் சொல்லிவிட வேண்டும்.

“நான் போறேம்பா,” என்றாள் அம்சவல்லி.

சாமிதுரை துண்டைச் சரி செய்துகொண்டார். “இதுக்கு ரெண்டு கட்சி இருக்கும்மா.”

“ஐயையோ, ஆரம்பிச்சாச்சு!” என்று தங்கம்மாள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

“நீங்க வேண்டாம்னா நான் போகலைப்பா. உங்க மனசைத் தாண்டிக் கப்பல் ஏற மாட்டேன். ஆனா போன்னோ போகாதேன்னோ ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.”

ஒரே வார்த்தை! சாமிதுரைக்கு ‘அவர்களே’ என்று முடிக்கவே நாலு வார்த்தை வேண்டும்.

முதலில் விசாரிப்போம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி நாகூர் போனார். யூசுப் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். சாமிதுரை மேடையில் எத்தனையோ தடவை கடல் கடந்தவர். ஈழத்தையும் கடாரத்தையும் வென்ற படையோடு போய் வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர்போல வர்ணிப்பார். ஆனால் ஒரு பஸ் தூரத்தில் இருந்த அந்தத் தண்ணீரில் இதுவரை கால் நனைத்ததில்லை. ஆற்றுக்கு அக்கரை உண்டு, குளத்துக்கு மறுகரை உண்டு. இதற்கு அது இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. போன தண்ணீர் மடங்கி வானமாக மேலே ஏறியது. யாரும் மடை திறக்காமல், யாரும் முறை வைக்காமல், இவ்வளவு தண்ணீரா! சாமிதுரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சந்நிதியில்கூட அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை, பகுத்தறிவுவாதி.

வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குக் கேள்வி வந்தது.

“பாய், அந்தத் தீவுல ஓடுறது என்ன ஆறு?”

“ஆறே கிடையாதுண்ணே.”

“சரி, வாய்க்கால்?”

“ஆறு இருந்தாத்தானே வாய்க்கால்? மழைத் தண்ணியைப் புடிச்சு வச்சுக்குறாங்க. கிணறு இருக்கு.”

“அப்ப மேட்டூரை எப்பத் தொறக்கிறாங்கங்கிறது...”

“மேட்டூர்னு ஒண்ணு இருக்கிறதே அங்க யாருக்கும் தெரியாது.”

சாமிதுரை மணலில் உட்கார்ந்துவிட்டார். மேட்டூர் அணை திறக்கிற தேதி தெரியாத மனிதர்கள், உலகத்தில் ஒரு மூலையில், வேளைக்குச் சோறு தின்று நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறார்கள்!

“அப்ப நெல்லு?”

“அரிசியாவே கப்பல்ல வந்து எறங்குது.”

“வயலே இல்லையா?”

“எங்கேர்ந்துண்ணே வயல்? வெத்தலை போட்டு மென்னு துப்புறதுக்குள்ள சில தீவைச் சுத்தி வந்துடலாம்.”

“இருக்கிற மண்ணு யாரு பேர்ல இருக்கு? மிராசு யாரு, குத்தகை யாரு?”

“மண்ணு சர்க்காரோடது. பொழைப்பு மீனு. கடல்ல எவன் வரப்பு போடுறது?”

“வரப்பே இல்லாத ஊரு!” என்றார் சாமிதுரை. யூசுப்பிடம் சொன்ன மாதிரி இல்லை. சாண் அகல வரப்புக்காகத் தோளோடு வெட்டுப்பட்டுக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தவர் அவர். அந்தப் பெயர்களை எல்லாம் ஒருமுறை மனசுக்குள் சொல்லிக்கொண்டவர்போல உதடு அசைந்தது.

பிறகு அடுத்த கட்சி ஞாபகம் வந்தது. “நம்ம ஊரே கடைமடை பாய். எல்லாருக்கும் பாஞ்சு மிச்சம் இருந்தாத்தான் நமக்குத் தண்ணி. இது என்னடான்னா கடைமடைக்கும் கடைமடையா இருக்கே! ஒரு புயல் அடிச்சா? எழுபத்தேழுல அடிச்ச மாதிரி?”

“அது அடிச்சது நம்மளைத்தானேண்ணே? அந்தப் பக்கம் புயல் அவ்வளவா வர்றதில்லைம்பான் என் தம்பி.”

“உடம்புக்கு முடியலைன்னா?”

“பொய் சொல்ல மாட்டேண்ணே. சின்னத் தீவுல பெரிய டாக்டர் இருக்க மாட்டாரு. படகுலதான் போகணும். கடல் கொந்தளிச்சா அது அடங்குற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும். தனியா இருக்கிற பொண்ணுக்கு அது கஷ்டம்தான்.”

சாமிதுரை மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அலை தொடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரிய அலை ஒன்று வந்தது. சாமிதுரை உட்கார்ந்த நிலையிலேயே பின்னுக்கு நகர்ந்தார். அம்சவல்லி நகரவில்லை. புடவை முழங்கால் வரைக்கும் நனைந்த பிறகு திரும்பி யூசுப்பிடம் ஒரே கேள்வி கேட்டாள்.

“ஸ்கூல்ல போர்டு இருக்கா பாய்?”

“இருக்கும்மா.”

“அது போதும்.”

ஊர் திரும்பியதும் சாமிதுரை ஓர் அறிவிப்புச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் படிப்பகத்தில் பட்டிமன்றம். தலைப்பு: கடல் கடந்து தீவிலே குடியேறுவது வாழ்வா, வீழ்வா?

“பொண்ணை வேலைக்கு அனுப்புறதுக்கு ஊரைக் கூட்டி ஓட்டெடுக்கிற மொத ஆளு நீதான்யா,” என்றார் வீரையன்.

“ஓட்டு இல்ல வீரையா, தீர்ப்பு. பாரபட்சம் இருக்கக் கூடாது பாரு.”

“பெத்த பொண்ணுகிட்டப் பாரபட்சம் இல்லாம பின்ன யார்கிட்ட இருக்கும்?”

இதற்குச் சாமிதுரையிடம் இரண்டு பதில்கள் இருந்தன. எதைச் சொல்வது என்று முடிவு செய்வதற்குள் வீரையன் போய்விட்டார்.

பேச ஆள் கிடைக்கவில்லை. ‘போ’ என்று பேசி நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? ‘போகாதே’ என்று பேசிவிட்டு அம்சவல்லியின் முகத்தில் எப்படி விழிப்பது? தெருவே நழுவியது. சாமிதுரை கவலைப்படவில்லை. வழக்கம்போல இரண்டு கட்சிக்கும் தாமே என்று அறிவித்தார். முதலில் வாழ்வு, கடைசியில் வீழ்வு.

நடுவர் பெரியநாயகசாமி சார், மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்சவல்லிக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர். நல்ல மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்பவர். அதனால் அவர் இதுவரை நடுவராக இருந்த பட்டிமன்றம் எல்லாவற்றிலும் ‘இரண்டுமே தேவை’ என்று ஒரே தீர்ப்புத்தான். கல்வியா செல்வமா என்றாலும் இரண்டுமே தேவை. மாமியாரா மருமகளா என்றாலும் இரண்டுமே தேவை.

“அவர் ரெண்டும் சரின்னு தீர்ப்பு சொல்லிட்டா நான் பாதி வழியில கோடியக்கரையோட நின்னுடணுமாப்பா?” என்று அம்சவல்லி கேட்டாள். கேட்டுக்கொண்டே தலைப்பைக் கரும்பலகையில் எழுதினாள். அந்த ஊரில் கோணாமல் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. நாகூரிலிருந்து யூசுப் வந்திருந்தார். பெண்கள் பக்கத்துப் பாயில் தங்கம்மாளும் அம்சவல்லியும். சாமிதுரை எழுந்தார்.

“நடுவர் அவர்களே! ஆறில்லாத ஊர் என்று அஞ்சுகிறீர்கள். ஆறில்லாத ஊரில் ஆற்றுக்கான அடிதடியும் இல்லை! வயலில்லாத ஊர் என்று வருந்துகிறீர்கள். வயலில்லாத ஊரில் வரப்பில்லை, வரப்பில்லாத ஊரில் வெட்டில்லை, வெட்டில்லாத ஊரில் விதவையும் இல்லை! அந்தத் தீவின் பெயரைப் பாருங்கள். மாலையாகக் கோத்த தீவு, மாலைத்தீவு! நமது சொல் நமக்கு முன்னாலேயே படகேறிப் போய் அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருக்கிறது. நாம் போனால் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர்! பதிவு அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன என் மகளைப் பார்த்து ஒரு தீவு சொல்கிறது, ‘அம்மா, வா, வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடு’ என்று. இத்தனை வருஷத்தில் இந்த மாநிலம் சொன்னதா? இந்த மாவட்டம் சொன்னதா? ஆட்சியிலே அமர்ந்த என் கட்சிதான் சொன்னதா?”

கடைசிக் கேள்வியில் கொட்டகை அப்படியே அசந்துபோனது. சாமிதுரை சொந்தக் கட்சியைக் கேள்வி கேட்டதை அன்றைக்குத்தான் ஊர் முதன்முதலாகக் கேட்டது. கைதட்டலில் கீற்றிலிருந்து தூசி கொட்டியது. வீரையன் எழுந்து, “எனக்கும் ஒரு டிக்கெட் போடுய்யா!” என்று கத்தினார். யூசுப் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமிதுரை உட்கார்ந்து சோடா குடித்தார். அடுத்த கட்சிக்கு எழுந்து மைக்கைப் பிடித்தார்.

அந்தப் பேச்சு முழுக்கத் தயாராக இருந்தது. காலையில் அதை உழவு மாடுகளிடம் சொல்லிப் பார்த்திருந்தார். கடல், படகு, இல்லாத டாக்டர், காய்ச்சலில் தண்ணீர் கேட்டு முனகும் பெண், எடுத்துக் கொடுக்க ஆளில்லாத அறை. செவலை அசைபோடுவதைக்கூட நிறுத்தியிருந்தது. ஊருக்கும் தெரியும், இதுதான் கடைசிக் கட்சி. முன்வரிசையில் இருந்த கிழவர்கள் இப்போதே துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

“நடுவர் அவர்களே!” என்றார் சாமிதுரை. வழக்கப்படி ஒரு பெருமூச்சு அளவுக்கு இடைவெளி விட்டார்.

அந்த இடைவெளியில் பெண்கள் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரல் ஒன்று கேட்டது. அம்சவல்லி, பக்கத்தில் இருந்த பொன்னுத்தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்கு உங்க புள்ளைங்களை வழக்கம்போல டியூஷனுக்கு அனுப்பிடுங்க.”

அழுகை இல்லை, கோபம் இல்லை. கூட்டி முடித்த கணக்குக்கு அடியில் கோடு போடுகிற மாதிரி சொல்லிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்பா எந்தக் கட்சியைக் கடைசியில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த கணமே அவள் முடிவைப் படித்துவிட்டாள்.

சாமிதுரை வாயைத் திறந்தார். கடல் இருந்தது, படகு இருந்தது, காய்ச்சல் இருந்தது. எல்லாம் வரிசையாகத் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றனவே தவிர எதுவும் வெளியே வரவில்லை. அத்தனைக்கும் அடியில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘நீ போயிட்டா நான் யார்கிட்டப் பேசுவேன்?’ அது வாதம் இல்லை. எந்தக் கட்சியிலும் சேராது. அதை மட்டும் மேடையில் விட்டால் நிச்சயம் ஜெயித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்தது.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. பெரியநாயகசாமி சார் மணியில் கை வைத்தார், அடிக்கவில்லை.

“நேரம் இருக்கு சாமிதுரை. நல்லா யோசிச்சுப் பேசுங்க.”

“யோசிச்சுட்டேங்க சார்.” மைக்கை விட்டுச் சற்று விலகி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். “இந்தக் கட்சிக்கு ஆள் இல்லைங்க.”

இறங்கிவிட்டார்.

நடுவர் நிலைமை பரிதாபம். இரண்டும் தேவை என்று சொல்ல இரண்டு வேண்டும். அவர் முன்னால் ஒன்றுதான் இருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கினார். கரும்பலகையைப் பார்த்தார். “போகலாம்,” என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன தீர்ப்புகளிலேயே சின்னது அது.

ஊர் நம்பவில்லை. இதுவும் ஒரு பேச்சுக்கலை, கடைசியில் திடுதிப்பென்று எழுந்து இடிபோல ஆரம்பிப்பார் என்றே காத்திருந்தது. “அடேயப்பா, என்னமா நிறுத்துறான் பாரு!” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்த பிறகும் முன்வரிசை எழுந்திருக்கவில்லை.

சாமிதுரை கொட்டகையின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். யூசுப் தேடி வந்தார்.

“அண்ணே, அப்ப தம்பிக்குச் சரின்னு தகவல் சொல்லிடவா?”

சாமிதுரை துண்டைச் சரி செய்துகொண்டார். நிமிர்ந்தார். யூசுப் ஒரு சொற்பொழிவுக்குத் தயாராகக் கைகட்டி நின்றார். சாமிதுரை தலையை மட்டும் ஆட்டினார்.